ஏழாவது சேனல்

பாயான் லெப்பாஸ். இரவு ஷிப்ட். மணி இரண்டு நாற்பது.
அடுப்புக்குள் நூற்று இருபத்தைந்து டிகிரியில்
நானூறு சிப்புகள் வெந்துகொண்டிருக்கின்றன.
திரையில் ஏழு மட்டும் நடுங்குகிறது.

மற்ற கோடுகள் எல்லாம்
காற்றில்லாத நாளின் கடலாய்க் கிடக்க
இது மட்டும் சீப்பின் பல்.
பெரிதாக்கி, பல்லை எண்ணினேன்.
நொடிக்கு ஐம்பது.
ஓ, நீயா.
சுவரிலிருந்து வருகிறவன்,
விளக்கிலும் விசிறியிலும் ஊருக்கெல்லாம் உழைக்கிறவன்,
அழைக்காமல் என் மில்லிவோல்ட்டுக்குள் வந்து உட்கார்ந்து
முனகிக்கொண்டிருக்கிறான்.

பகல் ஷிப்ட் ரிட்சுவான் சீட்டு ஒட்டிவைத்திருந்தான்:
சென்சார் போச்சு, மாற்றிவிடு.
மாற்றினேன்.
கட்டிலை மாற்றினால் காய்ச்சல் போகுமா?
புதியதும் அதே முனகல்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மேசைக்கு அடியில் நுழைந்தேன்.
கேபிளின் பின்னல் உறையை
இந்த முனையில் அடுப்பின் உடம்போடு திருகியிருந்தார்கள்,
அந்த முனையில் கருவியின் ராக்கோடு.
போதாததற்கு மைனஸ் கம்பியையும்
உறையோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள்.
யாரோ நல்ல மனசுக்காரர்.
ஒரு எர்த் நல்லது என்றால்
இரண்டு இன்னும் நல்லது என்று நினைத்தவர்.

மீட்டரின் ஒரு காலை இந்த எர்த்தில் வைத்தேன்,
மறு காலை அந்த எர்த்தில்.
பூஜ்யம் வரவேண்டும்.
கால் வோல்ட்டுக்கு மேலே காட்டியது.

நான்கடி தூரத்தில்
இரண்டு பூமி.

சுவர்ப் படத்தில் அந்த முனைக்கு
மலாயிலும் பூமி என்றுதான் பெயர்.
போன வாரம் வீடு வாங்கும் பாரத்தில் அதே சொல்,
பக்கத்தில் ஒரு பெட்டி.
என் பேனா கேட்காமலே
அதற்கு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது.
சரி.
மணி மூன்று. உவமைக்கு ஓவர்டைம் கிடையாது.

அடுப்புப் பக்கம் உறையை வெட்டி டேப் சுற்றினேன்.
உறைக்கு ஒரு முனை போதும்.
மைனஸைப் பிரித்து அதற்குரிய இடத்தில் செருகினேன்.
கருவி இனி இரண்டு கம்பியையும் கேட்கும்,
கழித்துப் பார்த்து
மிச்சத்தை மட்டும் நம்பும்.
இரண்டு வாயும் ஒன்றுபோல் சொன்னால் அது வதந்தி.

முனகல் நின்றது.
கொப்பி ஓவில் ஒரு வாய் குடிப்பதற்குள்
ஏழு மெல்ல ஏறத் தொடங்கியது.
நூற்று முப்பத்தொன்று. நூற்றைம்பது. இருநூற்றுப் பத்து.
அடுப்பு அப்படியேதான் இருந்தது.
எதையும் தொடாத கம்பி
எங்கோ போய்க்கொண்டிருந்தது,
கடைசியில் திரையின் கூரையில் முட்டி
அங்கேயே ஒட்டிக்கொண்டது.

முடிச்சு இரண்டானால் முனகுகிறாய்,
ஒன்றுமில்லை என்றால் பறந்துவிடுகிறாய்.
என்னதான் வேண்டும் உனக்கு?

டிராயரைக் கிளறி
பழுப்பு, கறுப்பு, மஞ்சள் வளையம் போட்ட
ரெசிஸ்டர் இரண்டு எடுத்தேன்.
கம்பிக்கு ஒன்றாக, லட்சம் ஓம்,
கருவியின் தரைக்கு இறக்கினேன்.
இது கட்டிப்போடுவது ஆகாது.
அந்த வழியில் ஓடுவது சொற்பத்திலும் சொற்பம்.
வழி இருக்கிறது என்பது போதும் போலிருக்கிறது.
ஏழு கூரையை விட்டு இறங்கியது.
நூற்று இருபத்தைந்து தசம் ஒன்று.
படுத்துக்கொண்டது.

ரிட்சுவானின் சீட்டுக்குக் கீழே எழுதினேன்:
சென்சார் நன்றாகத்தான் இருந்தது.
குப்பையிலிருந்து எடுத்து உன் டிராயரில் வைத்திருக்கிறேன்.
யோகாம்பரி.

ஏழு மணிக்கு ஃபேக்டரி பஸ்.
முதல் விமானம் தலைக்கு மேலே தாழ்ந்து போனது.
படியில் கால் வைத்தபோதுதான்
சுவீ கெங் என் கையைக் காட்டிச் சிரித்தாள்.
மணிக்கட்டில் எர்த் பட்டை.
கழற்ற மறந்து, கொக்கியை மட்டும் பிடுங்கி வந்திருக்கிறேன்.
வழியெல்லாம் ஆடிவந்த சுருள் வயரை
கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு
உட்கார இடம் தேடினேன்.